புறநானூறு 102-க்கு எந்தப் பதிப்பை, எந்த எண்ணைச் சான்றாகக் கொடுப்பது?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வாளர், தூத்துக்குடி

வணக்கம். சங்க இலக்கியத்தில் உமணர்கள், அதாவது உப்பு வணிகர்கள், பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உப்பள வேலைதான். அப்பா இன்றும் உப்பு வாரப் போகிறார். அதனால்தான் இந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் இரண்டு இயல்களை நெறியாளர் அம்மா படித்துவிட்டார். கருத்து சரியாக வந்திருக்கிறது என்றார். ஆனால் சான்றெண் விளக்கத்தில் பாதிக்குமேல் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீ எதைப் பார்த்து எழுதினாய் என்று எனக்குத் தெரியவில்லை" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். இரண்டு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் சிக்கல்கள் இவை. புறம் 102-இல் ஔவையார், உமணர்கள் வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு கட்டிக்கொண்டு போவதைச் சொல்கிறார். இந்தப் பாடலை, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னுரையில் படித்தேன். பிறகு ஔவை சு. துரைசாமிப்பிள்ளை உரையுள்ள கழக (சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம்) பதிப்பைப் பார்த்தேன். உ.வே.சா. பதிப்பின் படமும் இணையத்தில் கிடைத்தது. ஓரிடத்தில் "சேம அச்சு அன்ன", இன்னோரிடத்தில் "சேமவச் சன்ன". எதை எழுதுவது? பக்க எண் கொடுக்க வேண்டுமா, பாடல் எண் போதுமா? தொல்காப்பியப் பொருளதிகார நூற்பா ஒன்றுக்கு நான் கொடுத்த எண்ணும் நெறியாளர் கையில் இருக்கும் நூலின் எண்ணும் வேறு வேறு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேரமில்லாமல் உரையாடல் செயலி ஒன்றிடம் சில நூல்களின் விவரம் கேட்டு வாங்கிப் போட்டேன். நூலகத்தில் போய்ப் பார்த்தால் அது சொன்ன பக்கத்தில் வேறு ஏதோ இருக்கிறது. ஒரு நூல் அங்கே இல்லவே இல்லை.

கடைசியாக, உப்பளத்துக்காரர்கள் பன்னிரண்டு பேரிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறேன். அவர்களில் அப்பாவும் ஒருவர். அவர்களை எப்படிச் சான்றாகக் காட்டுவது?

பதில்: ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர், நாகர்கோவில்

உங்கள் நெறியாளர் எழுதிய அந்த ஒரு வரியை வெட்டி மேசைக்கு முன்னால் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. முப்பத்தொரு வருடம் நூலகத்தில் இருந்தவன் சொல்கிறேன், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டிருக்கிறார். காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்பதெல்லாம் அரை நாளில் திருத்திவிடலாம். எந்தப் படியைக் கையில் வைத்திருந்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதை இப்போதே எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கும் தெரியாது.

புறநானூற்றுக்கு வருகிறேன். பாடல் எண்ணும் அடி எண்ணும்தான் முதன்மை. புறம். 102:4-5 என்று உங்கள் வரிக்குப் பக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். இந்தப் பாடல் எண் வரிசையை 1894-இல் உ.வே.சா. பதிப்பித்ததிலிருந்து எல்லோரும் பின்பற்றுகிறார்கள். 267, 268 இரண்டு பாடல்களும் கிடைக்காமல் போனபோதுகூட அந்த இரண்டு எண்களை வெற்றிடமாக விட்டுவிட்டு 269 என்றுதான் தொடர்கிறோம். ஆகவே எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் எண்ணைக் கொண்டு பாடலைக் கண்டுபிடித்துவிடலாம். பக்க எண்ணுக்கு அந்த உறுதி இல்லை. மறு அச்சில் எழுத்தளவு மாறினால் பக்கமும் மாறிவிடும். மூலப் பாடலுக்குப் பக்க எண் வேண்டாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. நீங்கள் துரைசாமிப்பிள்ளையின் விளக்கத்தை எடுத்தால், அது அவருடைய உரை, ஔவையாரின் பாட்டு அல்ல. அதற்குப் பகுதி எண், பக்க எண், அச்சு ஆண்டு மூன்றும் வேண்டும். அந்த உரை இரண்டு பகுதியாக வந்தது, பகுதியைச் சொல்லாமல் பக்க எண் மட்டும் கொடுத்தால் பயனில்லை. பல ஆய்வேடுகளில் நான் கண்ட பிழை இது: பாட்டுக்குப் பக்க எண் இருக்கும், உரைக்கு இருக்காது. தேவைக்கு நேர் எதிர்.

"சேம அச்சு அன்ன", "சேமவச் சன்ன" இரண்டும் ஒரே பாடம்தான். ஒன்று சந்தி பிரித்தது, மற்றது சீர் பிரித்தது. எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஒன்றை எடுத்தால் ஆய்வேடு முழுவதும் அதுவே இருக்கட்டும். "பாடல்கள் இன்ன பதிப்பின்படி தரப்பட்டுள்ளன" என்று முன்னுரையில் ஒரு வரி எழுதுங்கள். ஆனால் உண்மையான பாடவேறுபாடு, அதாவது சொல்லே மாறியிருப்பது, கண்ணில் பட்டால் அதைச் சந்திப் பிரிப்பு என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். இரண்டு பாடத்தையும் பதிப்போடு குறியுங்கள். உ.வே.சா. அடிக்குறிப்பில் பிரதிபேதம் என்று கொடுத்திருப்பதை நம் பிள்ளைகள் படிப்பதே இல்லை. ஏடு ஏடாக ஒப்பிட்டு அந்த மனிதர் சேர்த்து வைத்தது அது. ஒரு முறை நிதானமாகப் பாருங்கள், சான்று காட்டுவது என்றால் என்ன என்பதை அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

தொல்காப்பியம் வேறு கதை. இளம்பூரணர் ஒரு நூற்பாவாகக் கொண்டதை இன்னொரு உரையாசிரியர் இரண்டாகப் பிரித்திருப்பார். அதோடு சில பதிப்புகள் இயலுக்கு இயல் ஒன்றிலிருந்து எண்ணும், சில அதிகாரம் முழுக்கத் தொடர்ந்து எண்ணும். உங்கள் எண்ணும் நெறியாளர் எண்ணும் மாறியதற்கு இந்த இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் தொல். பொருள். என்பதோடு இயலின் பெயர், நூற்பா எண், யார் உரை என்ற மூன்றையும் எழுதுங்கள். நூற்பாவின் முதலடியையும் கொடுத்துவிட்டால் எந்தப் பதிப்பிலும் தேடி எடுக்கலாம்.

ஆண்டு பற்றியும் சொல்ல வேண்டும், உமணர் பற்றிய பழைய கட்டுரைகளைத் தேடும்போது இது வரும். பழைய நூல்களின் முகப்பில் "ஜய வருடம் மாசி" என்று மட்டும் இருக்கும். ஜய வருடம் 1894 ஏப்ரலில் தொடங்கியது. மாசி என்றால் 1895 பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். அறுபது வருடம் கழித்து 1954-இலும் ஒரு ஜய வருடம் வந்தது, ஆகவே அச்சையும் தாளையும் முன்னுரையையும் பார்த்து எது என்று தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள், [1895] என்று. நூலில் அச்சாகவில்லை, நான் கணக்கிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். திருவள்ளுவர் ஆண்டு 2029 என்று இருந்தால் 31 கழித்து 1998. எங்கள் பக்கத்துப் பழைய நூல்களில் கொல்லம் ஆண்டு இருக்கும், 1095 என்றால் 1919 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1920 ஆகஸ்ட் நடுவரை.

செயலி கொடுத்த விவரங்களைப் பற்றி. ஒன்றையும் விடாமல் எடுத்துவிடுங்கள். பிறகு எந்த நூலைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களோ அதை மட்டும் திரும்பச் சேருங்கள். இதில் நான் கண்டிப்பாகத்தான் சொல்வேன். இல்லாத நூலுக்குச் சான்று கொடுத்தால் பின்னால் வரும் பிள்ளை அதை நம்பி ஊர் ஊராக அலையும். அப்படி அலைந்த பிள்ளைகளுக்கு நூலகத்தில் நான் பதில் சொல்லியிருக்கிறேன். செயலிகள் வருவதற்கு முன்பே ஒருவர் பிழையாக எழுதியதை நான்கு பேர் பார்த்து எழுதி, நான்கு ஆய்வேட்டிலும் அதே தவறான ஆண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. ஜய வருடக் கணக்கு இன்றே பயன்பட்டது.

இரண்டு ஐயம். சான்று காட்டுவதற்குப் பல்கலைக்கழகம் எம்.எல்.ஏ. (MLA) முறை கேட்கிறது, கட்டுரை அனுப்பும் இதழ் ஏ.பி.ஏ. (APA) முறையின் ஏழாம் பதிப்பு கேட்கிறது. அப்புறம், பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கை எடுத்தபோது சங்கப் பாடல் வரிகள் அத்தனையும் சிவப்பாக வந்துவிட்டன. விழுக்காட்டைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

பதில்: ஆய்வேடு தட்டச்சு செய்துதருபவர், மதுரை

சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள் தங்கச்சி. மாதம் நாலு பேராவது இந்த முகத்தோடு என் கடைக்கு வருகிறார்கள்.

2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறையில், உரிய சான்றோடு எடுத்தாண்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், உள்ளடக்கம், முன்னுரை, நன்றியுரை இவற்றைக் கணக்கில் விலக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் நூலகத்தில் அறிக்கை எடுக்கும்போது மேற்கோளையும் பட்டியலையும் விலக்கி எடுக்கச் சொல்லுங்கள். மேற்கோள் குறி போடாமல் பாடலை எழுதியிருந்தால் மென்பொருளுக்கு அது மேற்கோள் என்று எப்படித் தெரியும்? அதை முதலில் சரிபாருங்கள். விலக்கிய பிறகு 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள், அதற்கு ஆறு மாதத்துக்கு மிகாமல் கெடு வைப்பார்கள். 40-க்கு மேல் 60 வரை என்றால் திருத்தியதைக் கொடுக்கவே ஓராண்டு தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

இதில் ஒரு எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் மென்பொருள் தமிழைப் பார்க்காது, உள்ளே கிடக்கும் ஆங்கில எழுத்துகளைத்தான் பார்க்கும். விழுக்காடு குறைவாகக் காட்டுகிறது என்று சிலர் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை, ஒருங்குறியில் மாற்றித்தான் கொடுப்பேன். பின்னால் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையத்தளத்தில் ஏற்றும்போது யாராவது "உமணர்" என்று தேடினால் உங்கள் ஆய்வேடு கிடைக்க வேண்டாமா?

அகர வரிசையைக் கணினியை நம்பி விடாதீர்கள். நம் இலக்கணப்படி புள்ளி வைத்த எழுத்து முன்னால் வரும், அதனால் கண்ணன் முதலில், கணேசன் பிறகு. ஒருங்குறி எண் வரிசையில் புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருக்கிறது. அப்படி அடுக்கும் மென்பொருளில் கணேசன் முதலில் வந்துவிடும், கண்ணன் பின்னால் போய்விடும். கல்யாணி, கலைச்செல்வி என்றாலும் இதே கூத்துதான். நான் கணினியில் ஒருமுறை அடுக்கிவிட்டு, தாளில் எடுத்து, கழக அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கையால் சரிபார்க்கிறேன். இருநூறு நூல் என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். இராசமாணிக்கம், ராசமாணிக்கம் என்று ஒரே ஆசிரியர் பெயர் இரண்டு விதமாக அச்சாகியிருந்தால் ஒரு வடிவத்தின் கீழ் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் அவர் இகரத்தில் பாதி, ரகரத்தில் பாதியாகக் கிடப்பார்.

மேலே சொன்ன அதே நூல் என்பதற்கு "மேலது" போடுவதைக் கடைசி வரை தள்ளிவைக்கச் சொல்வேன். நடுவில் ஒரு சான்று சேர்த்தீர்கள் என்றால் கீழே இருக்கும் மேலது வேறு நூலைக் காட்ட ஆரம்பித்துவிடும். ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அப்படி ஒன்றைக் காட்டி, மேலே இருக்கும் நூலில் இந்தக் கருத்து எங்கே என்று கேட்டிருக்கிறார். அந்த மாணவர் பதில் சொல்ல முடியாமல் நின்றதை என்னிடம் வந்து சொன்னபோது எனக்கே மனசு சரியில்லை. அந்தச் சான்றைக் கடைசி நாளில் இடையில் சேர்த்தவள் நான்தான். அதற்குப் பிறகு முழு விவரத்தோடுதான் அடிக்கிறேன், எல்லாம் முடிந்த அன்றுதான் மேலது ஆக்குகிறேன்.

பதில்: தமிழ் விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ. குழப்பத்துக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன் பிள்ளை. செவ்விலக்கிய மூலத்துக்குப் பக்கத்துக்குப் பதிலாகப் பாடல் எண்ணும் அடி எண்ணும் கொடுப்பதை இரண்டு முறையும் ஏற்கின்றன. ஆகவே உங்கள் 102:4-5 எங்கும் செல்லும். வேறுபாடு பெரும்பாலும் ஆண்டு எங்கே வருகிறது என்பதில்தான். ஏ.பி.ஏ.-வில் ஆசிரியருக்குப் பக்கத்திலேயே ஆண்டு. மறுபதிப்பு என்றால் முதல் ஆண்டும் நீங்கள் பார்த்த பதிப்பின் ஆண்டும் சாய்கோட்டின் இரு பக்கமும். எம்.எல்.ஏ.-வில் கட்டுரையின் உடலுக்குள் ஆசிரியரும் பக்கமும் போதும், ஆண்டு பட்டியலில் பின்னுக்கு வரும். எல்லா விவரமும் சேர்த்து ஒரு தாய்ப்பட்டியல் வைத்திருந்தால் எந்த முறைக்கும் மாற்றலாம். சொட்டேரோ (Zotero) போன்ற சான்றுப் பட்டியல் மென்பொருளில் ஏற்றினாலும் சரி, குறிப்பேட்டில் எழுதினாலும் சரி.

பெயர்தான் உண்மையான தலையிடி. இந்த முறைகள் குடும்பப் பெயர் உள்ள சமூகங்களுக்காக எழுதப்பட்டவை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னால் நிற்பது தகப்பன் பெயர் அல்லது ஊர்ப் பெயர். கார்த்திகேசு சிவத்தம்பி என்றால் சிவத்தம்பிதான் அவர் பெயர், கார்த்திகேசு அவருடைய தகப்பனார். "சிவத்தம்பி, கா." என்று வரும். ஔவை சு. துரைசாமிப்பிள்ளையை "ஔவை" என்று ஔகாரத்தில் போட்ட பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். அது அவருடைய ஊரான ஔவையார்குப்பத்தைக் குறிப்பது, துகரத்தில்தான் அவர் வர வேண்டும். உங்கள் ஆய்வில் ஔவையாரும் இருப்பதால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சில பெண்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயரையோ கணவன் பெயரையோ எழுதுவார்கள். மென்பொருள் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடும். எழுதியவள் அவள். அவளுடைய பெயரில் பதியுங்கள், மென்பொருளில் இரண்டு கட்டத்தையும் கையால் மாற்றி நிரப்பினால் போதும்.

புனைபெயர் என்றால் முகப்பில் இருக்கும் பெயர். புதுமைப்பித்தனை விருத்தாசலம் என்று தேட யாரும் வரமாட்டார்கள்.

மின்னுரையைப் பார்த்திருந்தால் மின்னுரை என்றே சொல்லுங்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து தொண்டர்கள் உழைத்து உருவாக்கியது, அதை மறைத்துவிட்டு அச்சு நூலைப் பார்த்ததுபோல எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. எங்கள் பக்கத்து நூல்களை "நூலகம்" என்ற இணையத்தளத்தில் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் நூலக எண் இருக்கும், அதையும் சேருங்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த ஊரில் இருந்து எழுதுகிறேன். எந்தப் படி எங்கே இருக்கிறது என்று எழுதி வைப்பதை நாங்கள் சின்ன விடயமாக நினைப்பதில்லை.

பதில்: ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர், நாகர்கோவில்

மற்ற இருவரும் நான் விட்டதை நன்றாகச் சொல்லிவிட்டார்கள். உப்பளத்துக்காரர்கள் பற்றிய கேள்வி மட்டும் மிச்சம்.

அவர்களைத் துணைநூற்பட்டியலில் கலக்க வேண்டாம். பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் என்று தனியாக வையுங்கள். பெயர், வயது, ஊர், செய்யும் வேலை, எத்தனை ஆண்டாகச் செய்கிறார், பேசிய நாள், பேசிய இடம். உடலுக்குள் "தகவலாளர் 4" என்று எண்ணால் சுட்டுங்கள். பெயர் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், வேண்டாம் என்பவருக்கு எண் மட்டும். பதிவுகளை நாள் போட்டுப் பத்திரமாக வையுங்கள், தேர்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். அப்பாவையும் அதே வரிசையில், அதே விவரங்களோடு சேருங்கள். அவர் உங்கள் தந்தை என்பதை முன்னுரையில் தெரிவித்துவிடுங்கள், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

கேள்வி கேட்டவர்

ஐயா, அண்ணா இல்லை, அக்கா என்று இப்போதுதான் புரிந்தது, மதுரை அக்கா, யாழ்ப்பாணத்து ஆசிரியர், மூவருக்கும் நன்றி. செயலி கொடுத்த பதினேழு உள்ளீடுகளையும் நீக்கிவிட்டேன். நூலகத்தில் தேடி ஒன்பது நூல்களைக் கண்ணால் பார்த்து மறுபடி சேர்த்திருக்கிறேன். மிச்சம் எட்டும் போகட்டும்.

நேற்று இரவு அப்பாவிடம் புறம் 102-ஐ வாசித்துக் காட்டினேன். சேம அச்சு என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார். மாட்டு வண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு போன காலத்தில் கூடுதலாக ஓர் அச்சு கட்டிப் போவார்கள் என்று தாத்தா சொல்லியிருக்கிறாராம். அப்பா அந்த வண்டியைப் பார்த்ததில்லை. இதை எப்படி எழுதுவது ஐயா?

பதில்: ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர், நாகர்கோவில்

நடந்தபடியே எழுதுங்கள். தாத்தா சொன்னதாக அப்பா சொன்னார், அப்பா வண்டியைப் பார்த்ததில்லை. ஒருவர் நூலில் மேற்கோளாக வந்த இன்னொருவர் வரியை எடுக்கும்போது "இன்னார் நூலில் மேற்கோளாக உள்ளது" என்று எழுதுவோம் இல்லையா, அதே முறைதான். தாத்தா எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வண்டி ஓட்டினார், அப்பாவுக்கு அப்போது என்ன வயது என்பதைக் கேட்டு அதையும் சேருங்கள். இன்றைக்கே கேளுங்கள், அம்மா.

கேள்வி கேட்டவர்

கேட்டுவிட்டேன் ஐயா. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி வரை. அப்பாவுக்கு எட்டு வயது இருக்கும்போது தாத்தா சொன்னது. பட்டியலில் அப்பா தகவலாளர் 7. பெயர் போடலாமா என்று கேட்டேன், முழுப் பெயரையும் தாத்தா பெயரோடு சேர்த்துப் போடச் சொன்னார்.